இரைச்சலுக்குள் ஒரு வலது கை

மெட்டல் வாசிக்கிறவர் கையில் புதிதாக ஒரு டிஸ்டார்ஷன் பெடலைக் கொடுத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் சோலோ வாசிக்க மாட்டார். வலது உள்ளங்கையின் விளிம்பைப் பிரிட்ஜ் ஓரமாகக் கம்பிகளின் மேல் லேசாக ஊன்றிக்கொண்டு, ஆறாவது கம்பியை மட்டும் கீழ்நோக்கி ‘ஜக், ஜக்’ என்று அடிப்பார். பாம் மியூட் என்று இதற்குப் பெயர். அந்த அடி வெட்டினாற்போல் நிற்கிறதா, சொதசொதவென்று இழுக்கிறதா என்பதை வைத்துப் பெடலின் தரத்தை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். எவ்வளவு சத்தம், எவ்வளவு சிதைவு என்பதெல்லாம் அப்புறம்தான். ஒரு பெடலை நானே வடிவமைத்த அந்த ஆண்டுகளில் என் காது முழுக்க இந்த ஒற்றை அடியில்தான் இருந்தது.

2009 வாக்கில் அது தொடங்கியது. கிண்டி தொழிற்பேட்டையில் யுபிஎஸ் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு டெஸ்டிங் வேலை. மாலை ஏழு மணிக்கு மேல் அங்கிருக்கும் ஆசிலோஸ்கோப்பை யாரும் தொட மாட்டார்கள். முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “கடைசியா போறவன் மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போனா சரி” என்றார். கல்லூரி நண்பன் ஒருவன் பெரம்பூரில் மெட்டல் பேண்ட் வைத்திருந்தான். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை, சுவர் முழுக்க முட்டை அட்டை. முட்டை அட்டை எதிரொலியைக் கொஞ்சம் கலைக்கும். சத்தம் வெளியே போவதைத் தடுக்கவே தடுக்காது. அக்கம்பக்கத்து வீட்டாரின் பெருந்தன்மையால்தான் அந்த பேண்ட் வளர்ந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

வெளிநாட்டுப் பெடல் வாங்க என் சம்பளம் அன்றைக்குத் தாங்காது. ஆனால் விலை மட்டும் காரணமில்லை. யாரிடமாவது இரவல் வாங்கி வந்து வாசித்தாலும் நண்பனுக்கு மனசு ஆறாது. “எல்லாம் இருக்குடா. ஆனா என் கை கேக்கல” என்பான். இடது கை எந்தச் சுரத்தைப் பிடித்தாலும் டிஸ்டார்ஷன் அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். வலது கை எவ்வளவு அழுத்தியது, எப்போது விட்டது, பிக் கம்பியை எந்தச் சாய்வில் தொட்டது என்பதெல்லாம் அந்த இரைச்சலில் கரைந்துபோகும். அது கரையாத ஒரு பெடல் வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய கேள்வி என்று சாலிடரிங் அயர்னைக் கையில் எடுத்த பிறகே புரிந்தது.

கிடாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெட்டி கடைக்கு வந்தது. 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பைப் பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். 1978-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ நகரில் ப்ரோகோ நிறுவனத்தார் ‘ரேட்’ என்ற பெடலைச் செய்தார்கள். 1983-ல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் எச்எம்-2 ஹெவி மெட்டலைக் கொண்டுவந்து, 1991-ல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த இடைவெளியில் ஸ்வீடனில் ஒரு சம்பவம் நடந்தது. ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் என்டூம்ப்ட் குழு பதிவு செய்து 1990-ல் வெளியான ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ ஆல்பத்தில் எச்எம்-2-வின் எல்லா நாப்களையும் கடைசி வரை திருப்பிவைத்து ஒரு ரம்ப ஒலியை எடுத்தார்கள். ஒரு தலைமுறையே அதைத் துரத்தியது. நண்பனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

நான் பாடம் படித்தது ரேட்டில். அதில் சமிக்ஞையைப் பெருக்க இருப்பது ஒரே ஓர் ஆப்-ஆம்ப் ஐசி, எல்எம்308. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்எம்308 என்று கேட்டால் “358 தானே வேணும்?” என்று திருப்பிக் கேட்பார்கள். கையில் கிடைத்த வேறு ஐசியைப் போட்டு டாட் போர்டில் கட்டினேன். 308 மிக மெதுவான ஐசி, மைக்ரோ விநாடிக்கு 0.3 வோல்ட்தான் ஏறும். அந்த மெத்தனமே ரேட்டின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் வழவழப்பாக்குகிறது என்பது பெடல் கட்டுகிறவர்கள் பலரின் கருத்து. என்னை நிறுத்திவைத்தது அது இல்லை. ஆப்-ஆம்பின் கெயினைத் தீர்மானிக்கும் இடத்தில் தரைக்கு இறங்கும் இரண்டு கால்கள். ஒன்றில் 560 ஓமும் 4.7 மைக்ரோஃபாரடும். இன்னொன்றில் 47 ஓமும் 2.2 மைக்ரோஃபாரடும். கணக்குப் போட்டால் முதல் கால் 60 ஹெர்ட்ஸ் அருகே விழித்துக்கொள்கிறது, இரண்டாவது 1500 ஹெர்ட்ஸ் அருகே. முழுக் கெயினில் 2300 மடங்கு என்று காகிதத்தில் வரும் அந்தப் பெருக்கம் எல்லா அதிர்வெண்ணுக்கும் இல்லை. மேல் சுரங்களுக்குத்தான் முழுப் படி. கீழே வர வர அளந்துதான் கொடுக்கிறார்கள். ஹெவியான சத்தத்துக்குப் பேர்போன பெட்டி, உள்ளே நுழையும் பேஸை வாசலிலேயே குறைக்கிறது.

ஏன் என்பதை ஆசிலோஸ்கோப் காட்டியது. நண்பனைக் கிண்டிக்கு வரச்சொல்லி, கிடாரை நேராக ஸ்கோப்பில் செருகிப் பாம் மியூட் அடிக்கச் சொன்னேன். திரையில் முதலில் எழுவது ஒரு பெரிய, மெதுவான மேடு. உள்ளங்கை அழுத்தத்தில் கம்பி தரும் தாழ்ந்த தட்டு அது. அதன் முதுகில் சின்னச் சின்ன முட்களாகப் பிக்கின் உரசலும் மேல் ஹார்மானிக்குகளும் ஏறி வருகின்றன. நண்பன் சொன்ன ‘கை’ அந்த முட்களில்தான் இருந்தது. இப்போது அதே சமிக்ஞையை முழுசாகப் பெருக்கி, அலையின் உச்சியை வெட்டிச் சிதைக்கும் டயோடில் விட்டால், பெரிய மேடு டயோடின் உச்சியில் போய் முட்டிக்கொள்கிறது. அங்கே திரையில் தட்டையான கோடு. மேட்டின் முதுகில் இருந்த முட்கள் அத்தனையும் அந்தக் கோட்டுக்குள் நசுங்கிப் போயின. மேடு இறங்கும்போது மிச்சம் இருப்பது வெறும் இழுவை. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து பேஸைக் குறைத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னேன். மேடு தணிந்தது. முட்கள் ஒவ்வொன்றும் தானே டயோடில் போய் முட்டின. ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “இது கேக்குதுடா” என்றான்.

பேஸைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆறாவது கம்பியின் ஈ 82.4 ஹெர்ட்ஸ், அதோடு பவர் கார்டில் சேரும் பி 123.5 ஹெர்ட்ஸ். இரண்டையும் ஒரே சிதைவுக்குள் விட்டால் அவற்றின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸும் பிறக்கும். எந்தக் கம்பியும் வாசிக்காத சுரம் அது. அளவோடு இருந்தால் பவர் கார்டுக்குக் கனம் கொடுப்பதும் அதுதான், மிஞ்சினால் எல்லாவற்றையும் சேறாக்குவதும் அதுதான். இரண்டு சுரங்கள் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நிற்பதால் அந்தப் புதுச் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, அதே ஈ-யாக விழுகிறது. மெட்டலில் ஏன் பவர் கார்டே ஆட்சி செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அதே பெடலில் ஒரு முழு மேஜர் கார்டைப் பிடித்தால் ஒன்றோடொன்று ஒட்டாத வித்தியாசச் சுரங்கள் கிளம்பிக் காதை அறுக்கும்.

என் சர்க்யூட் மெல்ல உருவானது. முதல் கட்டத்தில் 220 கிலோ ஓம் ஃபீட்பேக், தரைக்கு 2.2 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும். 723 ஹெர்ட்ஸுக்கு மேலே கெயின் நூறை நெருங்கும். 2000 ஹெர்ட்ஸில் 95 மடங்கு. ஆறாவது கம்பியின் 82 ஹெர்ட்ஸில் 11 மடங்குதான். பிறகு ஒரு டயோடு ஜோடி. பிறகு இன்னொரு சின்ன பேஸ் வெட்டு. பிறகு இன்னொரு நூறு மடங்கு. சிதைவு என்பது ஒரே அடியில் நடக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மார்ஷலும் சோல்டானோவும் பீவி 5150-யும் வால்வுகளை வரிசையாக அடுக்கியதும் அதற்குத்தான். ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் நசுக்கும், கொஞ்சம் செதுக்கும், அடுத்ததிடம் ஒப்படைக்கும். வால்வு இருந்த இடத்தில் ஜே201 மாதிரி ஜேஃபெட்டைப் போட்டு ஆம்பையே நகலெடுக்கும் வழியும் உண்டு. ஒவ்வொரு ஃபெட்டும் ஒவ்வொரு குணத்தில் வரும், ஒவ்வொன்றுக்கும் ட்ரிம்மர் வைத்து பயாஸ் பார்க்க வேண்டும். நான் ஆப்-ஆம்பிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டு நூறுகள் பெருகினால் பத்தாயிரம். பத்தாயிரம் மடங்கு என்பது கிடாரை மட்டும் பெருக்காது. நான் போட்டிருந்த டிஎல்072 ஆப்-ஆம்ப் தன்னளவில் எழுப்பும் இரைச்சல், கேட்கும் எல்லை முழுவதற்கும் சேர்த்தால் சுமார் இரண்டரை மைக்ரோ வோல்ட். பத்தாயிரத்தால் பெருக்கினால் 25 மில்லி வோல்ட். கடைசி டயோடு வெட்டுவதோ 600 மில்லி வோல்ட் அளவில். வாசிக்காமல் சும்மா நிற்கும்போதே ‘உஸ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்கும். இரைச்சல் குறைந்த ஐசி என்று எல்லோரும் என்இ5532-ஐக் கைகாட்டுவார்கள். தாளில் உண்மைதான். ஆனால் கிடார் பிக்கப் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட காயில். சில ஆயிரம் ஹெர்ட்ஸில் அதன் இம்பிடன்ஸ் ஒரு லட்சம் ஓமைத் தாண்டும். 5532-வின் உள்ளீட்டில் ஓடும் நுண்ணிய இரைச்சல் மின்னோட்டம் அந்த இம்பிடன்ஸைச் சந்தித்ததும் பெரிதாகிவிடும். முதல் கட்டத்தில் பழைய 072-வே அமைதியானது. செருகாமல் அளந்தால் ஒரு முடிவு, கிடாரைச் செருகி அளந்தால் வேறு முடிவு. பட்டறையில் கற்றவற்றில் எனக்கு மிகப் பிடித்த பாடம் இது.

பெரம்பூர் அறையில் சோக் வைத்த டியூப்லைட் ஒன்று இருந்தது. அது எரிந்தால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அதன் மடங்குகளும் பிக்கப் வழியாக ஏறி வரும். ஹம்பக்கர் பிக்கப் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பத்தாயிரம் மடங்கில் மிச்சம் இருப்பதே போதும். பிராக்டிஸ் நேரத்தில் குண்டு பல்பு என்று ஏற்பாடாயிற்று.

டயோடுக்காக மீரான் சாகிப் தெருவில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் போவேன். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்தெடுத்த உதிரிகள் அவரிடம் பிஸ்கட் டப்பாக்களில் கிடக்கும். பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த ஓஏ79 ஜெர்மானியம் டயோடுகளை அங்கேதான் முதலில் தொட்டுப் பார்த்தேன். மெல்லிய கண்ணாடிக் குழல், உள்ளே ஊசிமுனைத் தொடுப்பு. “சூடு ஆகாது தம்பி. காலைக் குறட்டுல பிடிச்சுக்கிட்டு ஈயம் வை” என்று சொல்லித்தான் கொடுப்பார். ஜெர்மானியம் 0.3 வோல்ட்டுக்குள்ளேயே வெட்டத் தொடங்கும். வெட்டும் குழைவாக இருக்கும். ப்ளூஸ் வாசிக்க அருமையான ஒலி. பாம் மியூட்டின் முனையை அது மழுக்கிவிட்டது. சிலிக்கான் 1என்4148 0.6 வோல்ட்டில் கறாராக வெட்டும். சிவப்பு எல்ஈடி 1.7 வோல்ட் வரை பொறுக்கும். அதனால் பிக் அடியின் ஏற்ற இறக்கம் பிழைக்கும். முதல் கட்டத்துக்கு எல்ஈடி, கடைசிக் கட்டத்துக்கு சிலிக்கான், அதிலும் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று வைத்தேன். இரு பக்கமும் ஒரே அளவு வெட்டினால் ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் மட்டுமே கிளம்பும். கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருந்தால் இரட்டைப்படையும் சேர்ந்து ஒலி நிறைவாகும். ஓஏ79-கள் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கின்றன. அவற்றுக்கென்று வேறொரு பெடல் செய்ய வேண்டும்.

டாட் போர்டில் நன்றாக இருந்த சர்க்யூட், அலுமினியப் பெட்டிக்குள் போனதும் கூச்சலிட்டது. கெயின் நாபைப் பாதிக்கு மேல் திருப்பினால் கிடாரைத் தொடாமலேயே ‘கீ’ என்று ஒரு விசில். நாபைத் திருப்பத் திருப்ப அதன் சுருதி ஏறும். பெருக்கம் பத்தாயிரம் என்றால், வெளியே போகும் சமிக்ஞையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு உள்ளே வரும் ஒயரில் ஒட்டினாலே போதும், வட்டம் போட்டுச் சுற்றத் தொடங்கிவிடும். அந்த ஒட்டுதலுக்குத் தொடுப்பு வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தாலே போதும். பெட்டியைத் திறந்து வைத்து, பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு ஒயராக நகர்த்தினேன். காலால் மிதிக்கும் சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடின. குச்சியால் அவற்றைப் பிரித்ததும் விசில் இறங்கி நின்றது, விட்டால் ஏறியது. அரை அங்குல இடைவெளியில் ஒரு பெடலின் வாழ்வும் சாவும் இருந்தது. உள்ளே வரும் ஒயருக்கு ஷீல்டு போட்டேன். போர்டை மறுபடி வரைந்து, சமிக்ஞை வலது ஓரத்தில் நுழைந்து இடது ஓரத்தில் வெளியேறும்படி ஒரே நேர்கோட்டில் அடுக்கினேன். ஃபெரிக் குளோரைடில் அந்தப் போர்டை நானே அரித்தெடுத்தேன். விரல் நுனியில் மஞ்சள் கறை போகச் சில நாள் ஆயிற்று.

அடுத்த பாடம் ஒரு மைக் செட்காரரிடம். நம் ஊர்க் கல்லூரி விழா மேடைகளில் கிடார் ஆம்ப் இருப்பது அரிது. ஒயரை நேராக மிக்சரில் செருகச் சொல்லிவிடுவார்கள். 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே மளமளவென்று விழுந்துவிடும். டிஸ்டார்ஷனின் கூர்மையான சில்லுகளை அதுவே வடிகட்டும். மேடையின் பெரிய பாக்ஸில் இருக்கும் ஹார்ன் அப்படி இல்லை, உள்ளதை உள்ளபடி கக்கும். ஒரு விழாவில் சவுண்ட் செக்கின்போது மைக் செட் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “தம்பி, தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி இருக்கு. மேல கொஞ்சம் குறைச்சுக் குடுங்க” என்றார். கிடார் ஸ்பீக்கர் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். காது சொன்னது, அவர் சொன்னார். அதற்குப் பின் பெடலின் கடைசியில் 5 கிலோ ஹெர்ட்ஸ் அருகே செங்குத்தாக இறங்கும் ஒரு ஃபில்டரைக் கட்டி, மிக்சருக்கென்று தனியாக இரண்டாவது ஜாக் வைத்தேன். வெளிநாட்டுப் பெடல்கள் எதிரில் ஓர் ஆம்ப் நிற்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. இது நம் மேடைக்காகச் செய்தது.

மிட் நாப் விஷயத்தில் எனக்கும் நண்பனுக்கும் பெரிய சண்டையே நடந்தது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது எல்லோருக்கும் நடு அதிர்வெண்களைக் குடைந்தெடுத்த ஒலி பிடிக்கும். பேஸ் இடிக்கும், ட்ரெபிள் மின்னும், அறை நிறைந்ததுபோல் இருக்கும். பேண்டோடு வாசித்தால் கீழே பேஸ் கிடாரும் கிக் டிரம்மும் உட்கார்ந்திருக்கும், மேலே சிம்பல்கள் பரவியிருக்கும். நடுவைக் காலிசெய்த கிடாருக்கு இடமே இருக்காது. எச்எம்-2 ரம்பமாக அறுத்ததற்குக் காரணம் கெயின் மட்டுமல்ல. 1000 ஹெர்ட்ஸைச் சுற்றி அது தூக்கிக் கொடுக்கும் மேடும்தான். நாபைப் பூஜ்யம் வரை திருப்ப முடியாதபடி ஒரு ரெசிஸ்டரைத் தொடராக வைத்துவிட்டேன். “என் பெடல்ல நான் எதைத் திருப்பணும்னு நீ யாருடா?” என்று கத்தினான். டிரம்மர் இருவரையும் விலக்கிவிட்டு, அவனை வாசிக்கச் சொல்லித் தானும் அடித்தான். பிறகு அந்த ரெசிஸ்டரைப் பற்றிப் பேச்சு வரவில்லை. வடிவமைக்கிறவர் சில கதவுகளைச் சாத்தித்தான் ஆக வேண்டும் என்றே நான் இன்றும் நம்புகிறேன்.

சில ஆண்டுகள் கழித்து அவன் ஏழு கம்பி கிடார் வாங்கினான். கீழே இன்னொரு கம்பி, 61.7 ஹெர்ட்ஸ் பி. அன்றே போன் செய்தான்: “இன்னும் கீழ போறோம். உள்ள வர்ற பேஸைக் கூட்டணும்ல? அந்த 0.1-ஐ 0.22 ஆக்கு.” கெப்பாசிட்டரை மாற்றினேன், 0.068-ஆக. பேஸ் வெட்டு 723-லிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸுக்கு ஏறியது. கம்பி தாழத் தாழ அந்த மேடு பெரிதாகிறது, வாசலில் இன்னும் கறாராகத்தான் இருக்க வேண்டும். குறைந்த கனத்தை டயோடுகளுக்கு அப்பால், டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு, பேஸ் நாபில் திருப்பிக் கொடுக்கலாம். அங்கே அது யாரையும் நசுக்காது. அவன் வாசித்துப் பார்த்தான். ஏழாவது கம்பியில் பதினாறாம் சுரங்களை வேகமாக அடித்தபோதும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நின்றது.

இப்போது பெட்டியின் பக்கவாட்டில் அதற்கென்று ஒரு சின்ன டாகிள் சுவிட்ச் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு கம்பிக்கு, மறுபக்கம் ஏழுக்கு. ஆறு கம்பி கிடாரை எடுத்தாலும் அவன் அதை ஏழின் பக்கமே விட்டுவைக்கிறான். அடுத்த போர்டில் 0.068-ஐயே நிரந்தரமாக்கிவிட்டு, சுவிட்ச் இருந்த இடத்தை இன்னொரு ஷீல்டு ஒயருக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.